சாகாவரம் பெற்ற காகிதம்

நம்முடைய லேபர் வார்டுகளில் முழுப் பாதுகாப்போடு இருப்பது ஒன்றே ஒன்றுதான்: கேஸ் ஷீட்டுக்குள் இருக்கும் பார்ட்டோகிராஃப், அதாவது பிரசவம் நகரும் வேகத்தைப் புள்ளியும் கோடுமாகக் காட்டும் தாள். அதற்கு ரத்தம் கொட்டாது, மூச்சுத் திணறாது.

1972இல் ரொடீசியாவில் ஃபில்பாட், காசில் என்ற இரண்டு மருத்துவர்கள் அதில் எச்சரிக்கைக் கோட்டையும் செயல் கோட்டையும் போட்டுக் கொடுத்தார்கள். டாக்டர் இல்லாத சிற்றூர் மையத்தில், எந்தத் தாயை எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று மருத்துவச்சிக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான். அரை மணிக்கொரு தரம் குழந்தையின் இதயத் துடிப்பு, நாலு மணிக்கொரு தரம் கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்ற அளவு. புள்ளி முதல் கோட்டைத் தாண்டினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு. இரண்டாவதைத் தொட்டால் அங்கே டாக்டர் செயலில் இறங்க வேண்டும். ஒரு தாளும் ஒரு பேனாவும்தான் செலவு.

நாம் அதை மேம்படுத்திவிட்டோம். பல இடங்களில் குழந்தை பிறந்த பிறகுதான் வரைகிறோம். பலன் நடந்து முடிந்தபின் எழுதும் ஜாதகம் பொய்க்குமா? டூட்டி மாறுவதற்குள் ஒரே மையில், ஒரே மூச்சில், பத்து மணி நேர வலி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. துடிப்பு 140, 142, 138, மறுபடி 140. விடிகாலை மூன்றரைக்கு அந்தத் தாயின் வயிற்றில் யாரும் கை வைக்கவில்லை. தாளில் மூன்றரைக்கும் ஒரு 140 உண்டு.

நர்ஸைத் திட்டிப் பயனில்லை. நாலு மேஜைக்கு ஒரே ஆள். தலை தெரியும் குழந்தையைப் பிடிப்பதா, பேனாவைப் பிடிப்பதா? காலிப் பணியிடத்தை வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும் அரசாங்கத்தால் காலிப் படிவத்தை மட்டும் ஒரு நிமிடம்கூடப் பொறுக்க முடியாது.

2017 டிசம்பரில் மத்திய அரசு 'லக்ஷ்யா' திட்டம் கொண்டுவந்தது. பிரசவ அறைக்கு டைல்ஸ் வந்தது. மரியாதையான பராமரிப்பு என்று சுவரில் போஸ்டரும் வந்தது. அந்தப் போஸ்டருக்குக் கீழேதான் இன்னும் கேட்கிறது: "அன்னிக்கு இனிச்சுதா? இப்ப எதுக்குக் கத்துறே?" வயிற்றை அழுத்திக் குழந்தையைத் தள்ளாதீர்கள் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அழுத்துகிற முழங்கையைக் குறிக்கப் படிவத்தில் கட்டம் ஏது?

தனியாரில் இந்தக் கோட்டுத் தொல்லையெல்லாம் அதிகமில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கு 64 பிரசவம் சிசேரியன். அங்கே பல நேரம் பஞ்சாங்கமே போதும்.

பிறகு ஒருநாள், அரசு வார்டில் ஒருத்தி சாகிறாள். ஆடிட் நடக்கிறது. புள்ளியெல்லாம் சரி, கோடும் சரி. அப்படியானால் தப்பு யாருடையது? செத்தவளுடையது. எழுதுகிறார்கள்: "கர்ப்பிணி தாமதமாக வந்தார்."

ஆடிட் கமிட்டி ஐயாமார்களே, கேஸ் ஷீட்டைக் கொஞ்சம் மூடி வையுங்கள். துணைக்கு நின்ற அவள் அம்மாவைக் கூப்பிட்டு, மூன்றரைக்கு யார் வந்து பார்த்தார்கள் என்று கேளுங்கள். கையோடு, அந்த வார்டுக்கு நர்ஸ் கேட்டுப் போன ஃபைலையும் வரவழையுங்கள். தாமதமாக வந்தது யார் என்று அதிலிருக்கும் தேதி முத்திரைகள் சொல்லும்.