ஷோகேஸ் செக்ரட்டரி

ஆடுபவர்கள் பதினொரு பேர். ஆடாதவர் ஒருவர். கோப்பை இருப்பது ஆடாதவர் வீட்டு ஷோகேஸில். சேலம், நாமக்கல் சமவெளியில் அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் கால்பந்துக் குழுக்கள் இருந்துவிட்டால் நடுவில் ஒரு சுழற்கோப்பை முளைக்கும்; கோப்பைக்கு இருபுறமும் இரண்டு செக்ரட்டரிகள் முளைப்பார்கள். நோட்டீஸில் இவருக்குக் ‘கௌரவச் செயலாளர்’ என்று பெயர். ஊர் வாயில் ‘கப்புக்காரர்’. வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். வலது முழங்காலில் பழைய காயம் ஒன்று; அது மட்டும் இல்லாதிருந்தால் சந்தோஷ் டிராபியில் தமிழ்நாட்டுக்கு ஆடியிருப்பார் என்பது அவர் தரப்பு. காயம் மொபட்டிலிருந்து விழுந்ததில் பட்டது என்பது எதிர்க் குழுவின் தரப்பு. பிழைப்புக்கு, பள்ளிபாளையம் பக்கமானால் நாலு தறி, ஆத்தூர் பக்கமானால் ஜவ்வரிசி ஆலையில் கணக்கு, நாமக்கல்லானால் லாரி பாடி கட்டும் பட்டறை, திருச்செங்கோடானால் ரிக் வண்டியில் ஒரு பங்கு. இவையெல்லாம் உபதொழில். கோப்பையைக் காப்பதுதான் மூலத் தொழில். இவரைக் கேலி செய்வது சுலபம். இந்தக் கட்டுரையும் அதைச் செய்யத்தான் போகிறது. ஆனாலும் இரண்டு ஊர்ப் போட்டியை உயிரோடு வைத்திருப்பவர் இவரே என்பதுதான் என் கட்சி. கோல் அடிக்கிற பையனுக்கு மைதானத்தில் ஆயுள் ஐந்தாறு வருஷம். அப்புறம் கல்லூரி, திருப்பூர் அல்லது பெங்களூரு, கல்யாணம், தொப்பை. போன வருஷம் யார் ஜெயித்தார்கள் என்பதே அவனுக்கு மறந்துபோகும். கப்புக்காரருக்கு மறக்காது. மறக்காதிருப்பதுதான் அவர் விளையாடும் விளையாட்டு.

அவருடைய சீசன் மற்றவர்களுடையது முடியும்போது தொடங்குகிறது. போட்டிக்கு ஒரு மாதம் முன்பாகக் கோப்பையைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று விதி. ஒப்படைப்பதற்கு அவருக்கு ஆட்சேபணை இல்லை, தேதியில்தான் ஆட்சேபணை. “ஏனுங்ணா, கப்பு எப்ப வருமுங்க?” என்று எதிர்க் குழுச் செயலாளர் போன் போடுவார். “வராம எங்கீங்க போயிருமுங்க? செவ்வாப்பேட்டையில பாலிஷுக்குக் குடுத்திருக்குதுங்க” என்று பதில் போகும். கொங்குப் பேச்சில் பகை முற்ற முற்ற மரியாதை கூடும்; ஒரு வாக்கியத்தில் எத்தனை ‘ங்க’ என்று எண்ணினால் போதும், சண்டை எந்தக் கட்டத்தில் இருக்கிறதென்று சொல்லிவிடலாம். கோப்பையில் வெள்ளி குண்டுமணி அளவும் கிடையாது. கொலுசுக்குப் பேர்போன சேலத்தை ஒட்டி இருந்தும் அது பித்தளைமேல் பூசிய பூச்சுதான். பாலிஷ் கொடுக்கக் கொடுக்கப் பூச்சுதான் போகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் உலோகவியலோடு சம்பந்தமில்லை. கோப்பையின் மரப் பீடத்தைச் சுற்றி வருஷ வாரியாக வென்ற குழுவின் பெயர் பொறித்த சின்னத் தகடுகள் இருக்கும். எதிர்க் குழுவின் தகடு சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கும்படி கோப்பையை ஷோகேஸில் வைப்பது எப்படி என்பது தனி வித்தை. இரு குழுவும் மாறி மாறி ஜெயித்திருந்தால் அது கோணக் கணக்காகவே ஆகிவிடும்.

இந்த வேலையை அற்பம் என்பவர்கள் உலக வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். 1938இல் இத்தாலி உலகக் கோப்பையை வென்ற கையோடு போர் மூண்டது. கோப்பையைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, அதை ரோம் நகரத்து வங்கியிலிருந்து எடுத்துச் செருப்புப் பெட்டியில் வைத்துத் தன் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்தவர் ஓட்டோரினோ பராசி. அவர் ஆட்டக்காரர் அல்ல, கால்பந்துச் சங்க நிர்வாகி. நம் மொழியில் சொன்னால் செக்ரட்டரி. அதே கோப்பை 1966இல் லண்டனில் கண்காட்சிக்கு வைத்த இடத்தில் களவு போய், பிக்கிள்ஸ் என்ற நாய் புதரடியில் மோப்பம் பிடித்துக் கண்டெடுத்தது. 1970இல் மூன்றாம் தடவை வென்ற பிரேசிலுக்கு நிரந்தரமாகவே கொடுத்தார்கள். 1983இல் ரியோ நகரில் மறுபடி களவு. இந்த முறை கிடைக்கவேயில்லை. வைத்திருந்த பெட்டிக்கு முன்பக்கம் குண்டு துளைக்காத கண்ணாடி, பின்பக்கம் வெறும் மரப்பலகை. கள்ளன் பின்பக்கமாக வந்தான். இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைக்கும் இதே கதி: 1895இல் வென்ற ஆஸ்டன் வில்லா குழு, பெருமைக்காக அதை ஒரு கடை ஜன்னலில் வைக்கக் கொடுத்தது, செப்டம்பரில் ஓர் இரவு அது போயே போய்விட்டது. 25 பவுண்டு அபராதம். நம் கப்புக்காரர் வீட்டு ஷோகேஸுக்குப் பின்னால் செங்கல் சுவர், முன்னால் அவருடைய தாயாரின் கட்டில். அம்மாவுக்குத் தூக்கமும் குறைவு. பிரேசிலுக்கு இந்த யோசனை தோன்றவில்லை.

காப்பது மட்டுமா, பகையைப் பெற்றெடுப்பதும் இந்த இனம்தான். இந்தியாவின் மிகப் பெரிய கால்பந்துப் பகை மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் இடையிலானது. அது எப்படித் தொடங்கியது? யாரும் யார் காலையும் வாரவில்லை. 1920 ஜூலை 28இல் கல்கத்தாவில் ஜோராபகான் குழு மோகன் பகானோடு மோத இருந்தது. சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஜோராபகானின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி காரணம் கேட்டார், சொல்லவில்லை, வெளியேறினார். நாலாம் நாள், ஆகஸ்ட் 1இல், ஈஸ்ட் பெங்கால் பிறந்துவிட்டது. நூறு வருஷத்துக்கு மேலாகக் கல்கத்தாவை இரண்டாகப் பிளந்து, ஒரு பக்கம் ஹில்சா மீனும் மறு பக்கம் இறாலும் தூக்க வைத்த பகையின் மூல வித்து, கோட்டுக்கு வெளியே நின்ற ஒருவருக்கு வந்த ரோஷம். நம் பக்கத்திலும் ஒரு ஊரில் இரண்டாவது குழு உண்டான கதையைத் தோண்டினால் அடியில் ஒரு சௌத்ரி கிடைப்பார்: தம்பி மகனுக்கு ஜெர்சி கொடுக்கவில்லை, நோட்டீஸில் பெயர் மூன்றாவதாக வந்தது, பிரியாணிப் பந்தியில் கூப்பிடவில்லை. பெரிய குழுக்களுக்கும் சின்னக் குழுக்களுக்கும் வித்தியாசம் கூட்டத்தில் மட்டும்தான். 1960 டூரண்ட் கோப்பையில் கல்கத்தாவின் இந்த இரண்டு குழுக்களையும் இணை வெற்றியாளர்கள் என்று அறிவித்தார்கள். ஆட்டக்காரனுக்கு இணை வெற்றி என்றால் பாதிச் சந்தோஷம். கப்புக்காரருக்கு அது முழு நெருக்கடி. ஆளுக்கு ஆறு மாதம் என்று முடிவாகும். முதல் ஆறு மாதம் யாருக்கு என்பதற்குச் சுண்டும் காசைத்தான் அவர் அந்தப் போட்டியின் இறுதியாட்டமாகக் கருதுவார்.

முதல் ஆட்சேபணை வரும் இடம் இதுதான்: இவர்களால்தானே அடிதடி வருகிறது? வருகிறது; மறுக்கவில்லை. ஆனால் இது நம் மண்ணின் வியாதி அல்ல. உலகின் முதல் கால்பந்துக் குழு என்று பெயர் பெற்ற ஷெஃபீல்டுக்கும் பக்கத்து ஹாலம் குழுவுக்கும் 1860இலிருந்து ஆட்டம் நடக்கிறது. 1862 டிசம்பரில் அவர்கள் மோதியது தர்மத்துக்காக. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வராமல் லங்காஷயரில் ஆலைகள் நின்றுபோக, வேலையிழந்தவர்களுக்கு நிதி திரட்டினார்கள். தறி நின்றால் என்ன ஆகும் என்று குமாரபாளையத்துக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தத் தர்ம ஆட்டத்தில்தான் ஹாலம் ஆட்டக்காரர் ஒருவர் கையில்லாக் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுச் சண்டைக்கு நின்றார். நம்மூரில் வேட்டியை மடித்துக் கட்டுவதன் ஆங்கில வடிவம். ஆனால் அடி ஓய்ந்த பிறகு நடந்ததுதான் முக்கியம்: தப்பு யார்மேல் என்று பத்திரிகைக்குக் கடிதம் போனது. சண்டையை மைதானத்திலிருந்து காகிதத்துக்கு மாற்றுகிறவர் செக்ரட்டரி. ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது’ என்று நோட்டீஸில் அச்சடிப்பவரும் அவர்தான், தீர்ப்பை எதிர்த்து இரண்டு பக்க மனு எழுதுபவரும் அவர்தான். மனு எழுதுகிற கை கல்லெடுக்காது. ரப்பர் ஸ்டாம்ப் தேடி வீட்டுக்குப் போய் வருவதற்குள் பையன்கள் சமாதானமாகி ஒரே கடையில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஷெஃபீல்டு, ஹாலம் இரண்டும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஒரே ஒரு குறை: 1867இல் ஹாலம் வென்ற யூடன் கோப்பை நடுவில் எங்கோ தொலைந்துபோய், 1997இல் ஒரு பழம்பொருள் வியாபாரியிடமிருந்து தெரியவந்தது. தான் ஜெயித்த கோப்பையைத் தானே 2,000 பவுண்டு கொடுத்து வாங்கியது குழு. கட்டிலுக்கு ஆள் போடாத ஊர்.

இரண்டாவது ஆட்சேபணை, மனிதர் விளம்பரப் பிரியர் என்பது. ஃபிளெக்ஸில் கேப்டன் படம் தபால்தலை அளவு, செக்ரட்டரி படம் கதவளவு. உண்மைதான். ஆனால் ஃபிளெக்ஸுக்குக் காசு யார் கொடுத்தது என்றும் பார்க்க வேண்டும். இது கால்பந்து ஊறிய மண் அல்ல. வாலிபாலும் கபடியும் இங்கே தாய்ப்பால், கிரிக்கெட் புட்டிப்பால். சின்னப்பம்பட்டியிலிருந்து நடராஜன் இந்திய அணிக்குப் பந்து போடப் போனார், வாழப்பாடியில் டி.என்.பி.எல். நடக்கிற மைதானம் வந்துவிட்டது; பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் கொண்டுவந்தார். கால்பந்துக்கு அப்படி ஒரு பெயர் இந்தப் பக்கம் இல்லை. ஆகவே பந்து, வலை, சுண்ணாம்பு, நடுவர் படி எல்லாவற்றையும் யாராவது கையேந்தித்தான் கொண்டுவர வேண்டும். பண்ணைக்காரரிடம் பணம் கேட்டால் இரண்டு அட்டை முட்டை கொடுப்பார். கப்புக்காரர் அதையும் ரசீது போட்டு வாங்குவார். ரிக் முதலாளி வண்டி வடநாட்டில் நிற்கிறது என்பார். வண்டி திரும்புகிற தேதியைக் குறித்துக்கொண்டு அன்றைக்குப் போய் நிற்பார். பக்கத்து ஊர்க்காரன் கோப்பையைக் கொண்டுபோய்விடுவான் என்ற ஒரே வசனம்தான் அவருடைய மூலதனம். ஆட்டத்தின் மேன்மையைச் சொல்லிப் பத்து ரூபாய் வசூலித்தவர் யாரும் இல்லை. இவ்வளவும் செய்தவருக்குக் கதவளவு படம் அதிகமா? கொஞ்சம் அதிகம்தான். ஜன்னலளவு போதும்.

மூன்றாவது ஆட்சேபணை நியாயமானது போலத் தோன்றும்: சுழற்கோப்பையை விட்டுவிட்டு ரொக்கமாகக் கொடுத்துவிட்டால் இந்தக் காவல், பாலிஷ், தகடு எதுவும் வேண்டாமே? இதை ஒப்புக்கொள்ள முடியாது. ரொக்கம் அன்றிரவே பங்காகித் தீர்ந்துவிடும். ரொக்கத்துக்காக வெளியூரிலிருந்து ஆள் இறக்குவார்கள். இறக்கிய ஆளுக்கு ஊர் பெயர் கூடச் சரியாகத் தெரியாது. கோப்பை அப்படியல்ல. அது பரிசு வேஷம் போட்ட கடன். திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஆகவே அடுத்த வருஷம் என்று ஒன்று இருந்தாக வேண்டும். பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகளுக்கு நடுவே பொதுக் கிணறு ஒன்று மட்டும் மிஞ்சுவதைப் போல. வரப்பில் பேச்சில்லை, கல்யாணத்துக்குப் போக்குவரத்தில்லை, ஆனாலும் முறைத் தண்ணீருக்காக விடிகாலையில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தே தீர வேண்டும். 1997 ஜனவரி 1இல் சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமானபோது கோப்பைக் கணக்கை மட்டும் எந்த அரசாணையும் தீர்க்கவில்லை; மாவட்ட எல்லை குறுக்கே ஓடினாலும் கடன் கடன்தான். டூரண்ட் கோப்பைக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டவர்கள்: ஜெயித்தவருக்கு மூன்று கோப்பை, டூரண்ட் கோப்பையும் சிம்லா கோப்பையும் சுற்றும், குடியரசுத் தலைவர் கோப்பை மட்டும் வீட்டோடு தங்கும். கடனை முழுசாக அடைத்துவிட்டால் உறவு முறியும் என்று தெரிந்துதான் இரண்டைச் சுற்ற விட்டிருக்கிறார்கள்.

கப்புக்காரரின் நிஜ முகம் தெரிவது எதிர்க் குழு நொடித்த வருஷத்தில்தான். அந்த ஊர்ப் பையன்கள் பாதிப் பேர் வேலைக்குப் போய்விட்டார்கள், கோல்கீப்பருக்குத் தேர்வு, பதினொரு பேர் சேரவில்லை, வாக்கோவர் கொடுத்துவிடலாம் என்று சேதி வருகிறது. ஆடாமலே கோப்பை. சந்தோஷப்பட வேண்டிய மனிதருக்குச் சாப்பாடு இறங்காது. வாக்கோவர் என்று தகட்டில் எப்படிப் பொறிப்பது? மறுநாள் மொபட்டை எடுத்துக்கொண்டு எதிரி ஊருக்கே போவார். போன வருஷம் எந்தப் பெனால்டிக்காக இரண்டு பக்க மனு எழுதினாரோ, அந்தப் பெனால்டியை அடித்த பையனின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, “ஒரே ஒரு மேட்ச்சுக்குப் பையனை அனுப்புங்க மாமா” என்று அவன் அப்பாவிடம் கெஞ்சுவார். ஷூ இல்லாதவனுக்குத் தன் குழுவின் உபரி ஷூவைக் கொடுப்பார். அளவு சேராவிட்டால் உள்ளே துணி வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுப்பார். இப்படிப் பொறுக்கிச் சேர்த்த பதினொரு பேர் வந்து ஆடி, பாவம், சில வருஷம் ஜெயித்தும் விடுகிறார்கள். அன்று சாயங்காலம் கோப்பையைப் பழைய வேட்டியில் சுற்றிக் கைமாற்றுகிற இடத்தில் இரண்டு செக்ரட்டரிகளும் நிற்பார்கள். ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி வாங்க வேண்டும். எதிரி பேனாவை எடுத்து, கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இடது கைப்பிடிக்கு அடியில் பூச்சு உரிந்திருப்பதைக் காட்டி, நல்ல நிலை என்று எப்படிங்க எழுதறது என்பார். செவ்வாப்பேட்டைக்கு அடுத்த முறை யார் செலவில் அனுப்புவது என்ற பேச்சு அங்கேயே தொடங்கிவிடும்.