மைக் பிடித்த படலம்

தமிழ் மேடைகளின் தவப்பயனாய் அவதரித்து, பள்ளி ஆண்டுவிழா, நூல் வெளியீடு, பணிநிறைவுப் பாராட்டு, படத்திறப்பு என நல்லது கெட்டது பாராமல் எங்கும் எழுந்தருளி, போன இடமெல்லாம் ஒரே உரையைத் திருவாய் மலர்ந்தருளிவரும் எங்கள் சொற்பெருங்கடலாரின் அருமை பெருமைகளைச் சொல்லி முடிக்க ஆதிசேடனின் ஆயிரம் நாவும் போதாது. அடியேனுக்கு வாய்த்தது ஒன்றே. ஆகவே அன்னாரின் எண்ணிறந்த கலைகளுள் ஒன்றை மட்டும், தம் பேச்சைத் தாமே எடைபோட்டுத் தாமே மெருகேற்றிக்கொள்ளும் அந்த ஒப்பற்ற கலையை மட்டும், இங்கே போற்றத் துணிகிறேன்.

பேச்சு பழகப் பழகத்தான் வரும் என்று நம்பிய அப்பாவிகள் உலகில் இருந்திருக்கிறார்கள். கிரேக்க நாட்டு டெமஸ்தனிஸ் அப்படி ஒருவர். தொடக்க காலத்தில் அவர் பேசியபோது சபை சிரித்துவிட்டது. மனிதர் அதைத் தம்முடைய குறை என்று எடுத்துக்கொண்டார், சறுக்கியது அங்கேதான். வாயில் கூழாங்கற்களை அடக்கிக்கொண்டு பேசிப் பழகினாராம். மேட்டில் ஏறிக்கொண்டே மூச்சுவிடாமல் செய்யுள் சொன்னாராம். ஆளுயரக் கண்ணாடி முன் நின்று தம் கையசைவைத் தாமே பார்த்துத் திருத்தினாராம். நிலவறை ஒன்றில் அடைந்துகொண்டு, வெளியே போக ஆசை வந்துவிடக் கூடாதென்று தலையில் ஒரு பாதியைச் சிரைத்துக்கொண்டதாகவும் புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். ஐயோ பாவம். பெருங்கடலாரைத் தரிசிக்கும் பாக்கியம் மட்டும் கிடைத்திருந்தால், சபை சிரித்தால் திருந்த வேண்டியது சபைதான் என்ற பேருண்மை அவருக்கு விளங்கியிருக்கும். தலைமுடியாவது மிஞ்சியிருக்கும்.

இங்கிலாந்தின் சர்ச்சில் இன்னும் பரிதாபம். 1904-இல் நாடாளுமன்றத்தில் பேசிக்கொண்டிருந்தவர் நடுவே சொல்ல வந்தது மறந்துபோய் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு முழுக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொள்ளாமல் அவர் முக்கியமான பேச்சு எதற்கும் எழுந்ததில்லை. எங்கள் பெருங்கடலாருக்கு இந்த இக்கட்டு ஒருநாளும் நேராது. மறந்துபோவதற்கு முதலில் சொல்ல வந்தது என்று ஒன்று இருக்க வேண்டுமல்லவா? இழை அறுந்த இடத்தில் அன்னார் ஒரு கணமும் தயங்காமல் “அதாகப்பட்டது” என்பார். அதற்கும் மசியாவிட்டால் “பார்த்தீர்களேயானால்” என்பார். சபையும் பார்க்கும். பார்ப்பதற்கு எதுவும் வராது. ஆனால் பார்க்கவைத்த அந்தக் கம்பீரம் இருக்கிறதே, அது எந்தக் குறிப்பேட்டிலும் அகப்படாது.

இத்தகைய முத்துக்களைப் பிழை என்று எண்ணிக் கணக்கெடுக்கும் கூட்டமும் உண்டு. 1924-இல் கலிபோர்னியாவின் சாண்டா அனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கம் இன்று நம் ஊர்களிலும் நடக்கிறது. அங்கே ஒருவர் பேசும்போது இன்னொருவர் உட்கார்ந்து அவர் எத்தனை முறை ‘ஆ’ போட்டார், எத்தனை முறை ‘ம்’ போட்டார் என்று எண்ணுகிறார். இன்னொருவர் ஐந்தாம் நிமிடத்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு என்று விளக்குக் காட்டுகிறார். போதாக்குறைக்கு ஒருவர் எழுந்து நின்று, எது நன்றாக இருந்தது, எதை அடுத்த முறை மாற்றலாம் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். என்ன கொடுமை! பெருங்கடலார் ஏழாம் நிமிடத்தில் ‘அவர்களே’ வரிசையில் துணைச் செயலாளரைக்கூட எட்டியிருக்க மாட்டார். அவர் முன்னே சிவப்பு விளக்கைக் காட்டினால், மேடை அலங்காரத்துக்கு என்று நினைத்து அமைப்பாளர்களுக்கு நன்றி சொல்லுவார்.

அப்படித்தான் துண்டுச்சீட்டுக்கும் நன்றி சொல்லுகிறார். தலைவர் வியர்த்து விறுவிறுத்து ‘நேரமாகிறது’ என்று எழுதி அனுப்பும் சீட்டை, பெருங்கடலார் இரு கையாலும் வாங்குவார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படிப்பார். “தலைவர் அவர்கள் இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்லும்படி அன்புக் கட்டளை இட்டிருக்கிறார்கள்” என்று அறிவித்துவிட்டு, சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார். பிறகு ‘இறுதியாக’ வரும். அதன்பின் ‘நிறைவாக’ வரும். அதையும் கடந்து ‘ஒன்றே ஒன்று சொல்லி அமர்கிறேன்’ வரும். கல்யாண வீட்டு வாசலில் விடைபெற்ற மாமா செருப்பை மாட்டிக்கொண்டே புதுக்கதை ஆரம்பிப்பதுபோல், அன்னாரின் உரையில் உயிர்ச்சத்தெல்லாம் விடைபெற்ற பிறகுதான் ஊறுகிறது.

அமெரிக்காவில் எட்வர்ட் எவரெட் என்று ஒரு பெரும்பேச்சாளர் இருந்தார். 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க் போர்க்கள மயானத்தில் இரண்டு மணி நேரம் பேசினார். அடுத்து எழுந்த லிங்கன் ஏறத்தாழ 270 சொற்களில் இரண்டு மூன்று நிமிடத்தில் முடித்து உட்கார்ந்தார். மறுநாளே எவரெட் லிங்கனுக்குக் கடிதம் எழுதினார்: நீங்கள் இரண்டு நிமிடத்தில் தொட்ட கருத்தை நான் இரண்டு மணி நேரத்தில் நெருங்கியிருந்தாலே எனக்குத் திருப்தி என்ற பொருள்பட. இரண்டு மணி நேரம் பேசிய மகான் தம்மைத் தாமே இப்படித் தாழ்த்திக்கொண்டது பேச்சாளர் குலத்துக்கே தலைகுனிவு. அந்த இடத்தில் பெருங்கடலார் இருந்திருந்தால், தம்பி லிங்கன் தயாரிப்பு இல்லாமல் வந்துவிட்டார் போலும் என்று பெருந்தன்மையோடு மன்னித்திருப்பார்.

சரி, அன்னார் தம்மை மதிப்பிடுவதே இல்லையா? யார் சொன்னது! ஒவ்வொரு விழாவுக்குப் பிறகும், கார் தெருமுனையைத் தாண்டுவதற்குள், கடுமையான மதிப்பீடு நடக்கிறது.

“எப்படிப்பா இருந்துச்சு பேச்சு?”

“பிரமாதம்ங்க ஐயா.”

ஓட்டுநர் அந்நேரம் முழுதும் எதிரே டீக்கடையில் இருந்தார். அதனால் என்ன? பேச்சைக் கேளாதவர் சொல்லும் தீர்ப்பில்தான் சார்பு இருக்காது. அடுத்து மடியில் கிடக்கும் பொன்னாடைகள் எண்ணப்படும். சபையில் தலைகுனிந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தவர்கள் குறிப்பெடுத்தவர்களாகப் பதிவாவார்கள். ‘நன்றி, வணக்கம்’ என்றதும் வெடித்த கைதட்டலே அன்றைய கைதட்டல்களில் நீண்டது என்பது தவறாமல் நினைவுகூரப்படும். எந்த ஊரிலும், எந்த விழாவிலும், அந்த ஒரு கட்டத்தில்தான் சபையின் ஆனந்தம் கரைகடந்தது என்பதற்கு அடியேனும் சாட்சி.

ஒருமுறை மருமகப்பிள்ளை ஆர்வக்கோளாறில் பேச்சைப் போனில் பிடித்து வீட்டில் போட்டுக்காட்டினார். நம் குரல் நமக்குக் காற்று வழியாக மட்டுமல்லாமல் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் கேட்பதால் உள்ளே கனமாக ஒலிக்கிறது. பதிவில் அந்தக் கனம் போய் மெலிந்து வருகிறது. ஆகையால் பதிவில் வருவதே ஊர் கேட்கும் குரல் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். பெருங்கடலார் இரண்டு நிமிடம் கேட்டார். “போன் சரியில்லை” என்று தீர்ப்பளித்தார். ஒலியை அடைத்துப் படத்தை மட்டும் ஒருமுறை பாருங்கள், கையும் காலும் என்ன செய்கின்றன என்று தெரியும் என்று பயிற்சியாளர்கள் சொல்லும் வழியை மருமகப்பிள்ளை மெல்ல எடுத்துச்சொன்னார். அதை அன்னார் செய்யத் தேவையில்லை. பின்வரிசை முழுதும் காதில் கருவி மாட்டிக்கொண்டு அன்னாருக்காக அதைத்தான் செய்துவருகிறது.

மேம்பாட்டில் அக்கறை இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. முன்பெல்லாம் கம்பி மைக்கில் பேசியவர் இப்போது சட்டையில் குத்தும் மைக் கேட்கிறார். “எக்கோவைக் கொஞ்சம் ஏத்துங்க தம்பி” என்று ஒலிபெருக்கிக்காரரிடம் வாஞ்சையோடு சொல்கிறார். ஒவ்வொரு சொல்லும் இருமுறை கேட்பதால், சபைக்குக் கிடைக்கும் பயன் இரட்டிப்பாகிறது. விமரிசனத்தையும் அன்னார் காதில் போட்டுக்கொள்பவர்தான். ஒரு கல்லூரி மாணவி துணிந்து, “ஐயா, நடுவுல கொஞ்சம் நீளமா இருந்துச்சு” என்றாள். அதை மனத்தில் வாங்கி, அடுத்த விழாவிலிருந்தே சுருங்கச் சொல்லலின் சிறப்பைப் பற்றி ஒரு பத்து நிமிடக் கதையை உரையின் நடுவில் சேர்த்துக்கொண்டார்.

திருக்குறளில் அன்னாருக்குள்ள தோய்வும் சாமானியமன்று. 65-ஆம் அதிகாரமான சொல்வன்மையை மேடைக்கு மேடை முழங்குவார். 73-ஆம் அதிகாரமான அவையஞ்சாமையோ அன்னாரின் வாழ்க்கையாகவே ஆகிவிட்டது. இடையே 72-ஆவதாக அவையறிதல் என்று ஒன்று கிடக்கிறது. அதை இதுவரை புரட்டிப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை, விழாக்கள் அதிகம்.

விழா அமைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெருங்கடலார் தேதி கேட்டு வந்தவரை மறுத்ததில்லை. கார் அனுப்பி, பெயரை அழைப்பிதழில் பெரிய எழுத்தில் போட்டால் போதும். பந்தியை மட்டும் உரைக்கு முன்னால் போட்டுவிடாதீர்கள்.