முழங்காலை விசாரித்த மாஸ்டர்

யோகோஹாமா

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் நலம். உன் அக்காவும் நலம், குரலும் நலம். இதை வாட்ஸாப்பில் தட்டியிருக்கலாம். ஆனால் நீ அப்படியே குடும்பக் குரூப்புக்குத் தள்ளிவிடுவாய். சாயங்காலத்துக்குள் தடா ஸ்டேஷன் டீக்கடையில் என் இடுப்பளவைப் பற்றிப் பேசுவார்கள். அதனால்தான் தபால்.

“46 வயசுல மறுபடியும் கராத்தேவாமே, யாரை அடிக்கப் போறே?” என்று கேட்டிருந்தாய். யாரையும் இல்லை. இந்த ஊர் அரசாங்கம் என் வயிற்றை அளந்துவிட்டது, அவ்வளவுதான்.

2008-லிருந்து இங்கே ஒரு ஏற்பாடு. 40 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு வருஷா வருஷம் மருத்துவப் பரிசோதனை; அதில் நாடா போட்டு வயிற்றுச் சுற்றளவும் எடுப்பார்கள். ஆண்களுக்கு 85 சென்டிமீட்டர், பெண்களுக்கு 90. அதைத் தாண்டி, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு இவற்றில் இரண்டு ஏறியிருந்தால் ‘மெட்டபோ’ என்று பெயர் வைத்துவிடுவார்கள். புத்தி சொல்ல ஓர் ஆளும் வருவார். எனக்கு நாலு விரல்கடை கூடுதல். நம்ம தடா பக்கம் ஸ்ரீசிட்டியில் இருந்தவரை இந்தத் தொப்பைக்கு ஒரு மரியாதை இருந்தது மச்சான். இங்கே அது ஒரு ஃபைல்.

புத்தி சொல்ல வந்த அம்மா, “இளமையில் ஏதாவது பழகியதுண்டா?” என்று கேட்டார். நம்ம கதையைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டிக்கு ரயிலேறியது, கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில் ஓடு உடைத்தது, பிரௌன் பெல்ட் வாங்கிய அன்று அதை இடுப்பில் கட்டிக்கொண்டே பிரியாணி சாப்பிட்டது, எல்லாம். கடைசி வரியைத் தவிர மற்றதை அவர் எழுதிக்கொண்டார்.

வகுப்பு தேடக் கிளம்பினேன். நம்ம பக்கம் கராத்தே வகுப்பு வாசலில் நாற்பது தாண்டியவன் நின்றால், “குழந்தை பேர் என்ன சார், எந்த கிளாஸ் படிக்குது?” என்றுதான் ஃபாரத்தை நீட்டுவார்கள். இங்கே அந்தச் சிரமம் இல்லை. யோகோஹாமாவில் 18 வார்டு. வார்டுக்கு ஒரு விளையாட்டு மையம். சேருவதற்கு முன் ஓரமாக உட்கார்ந்து வகுப்பு முழுக்கப் பார்க்கலாம், ஒரு நாள் சேர்ந்தும் பழகலாம். பொண்ணு பார்க்கப் போவதை விட மேல். பஜ்ஜி கிடையாது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் சித்தப்பாவை விட்டுச் சொல்லியனுப்ப வேண்டியதில்லை.

முதலில் கெண்டோ. நாலு மூங்கில் பட்டையைச் சேர்த்துக் கட்டிய கத்தி. அதைக் கையில் கொடுத்ததும், ஊர்த் திருவிழாவில் கம்பு சுற்றிய கை தானாகச் சுழற்றப் பார்த்தது. நம்ம தெலுங்குக்காரர்கள் கர்ரசாமு என்று விசில் அடித்திருப்பார்கள். இங்கே மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் இரவல் தலைக்கவசம். அதற்குள் எத்தனை பேர் வியர்த்திருப்பார்களோ, கருவாட்டுக் கடையில் வளர்ந்த எனக்கே மூச்சு முட்டியது.

அடுத்து ஜூடோ. கல்லூரிப் பையன்கள், ஒவ்வொருவனும் ஒரு பீரோ. விழுவதற்குத்தான் முதல் பாடம்: மோவாயை நெஞ்சோடு சேர், கையால் பாயை அறை, தலை தரையில் படக் கூடாது. நம்ம வயதுக்கு இதை விட உபயோகமான பாடம் இல்லை, குளியலறையிலும் உதவும். ஆனால் தூக்கிப் போடுகிறவனுக்கு இருபது, விழுகிறவனுக்கு 46 என்றால் கணக்கு சரியாக வராது. “அடுத்த போட்டி எப்போது?” என்று வேறு கேட்டார்கள். எனக்கு அடுத்தது ரத்தப் பரிசோதனை என்றேன்.

ஜூடோவைக் கண்டுபிடித்த கானோ ஜிகோரோ பேரில் எனக்குக் கோபமில்லை. 1882-ல் டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலில் 12 பாய் விரித்த இடத்தில் ஆரம்பித்தவர். 1938-ல் கெய்ரோவில் ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டம் முடிந்து ஊர் திரும்பும்போது ஹிகாவா மாரு என்ற கப்பலிலேயே காலமானார். அந்தக் கப்பல் இன்றும் இங்கே யமாஷிதா பூங்கா ஓரம் கட்டிக் கிடக்கிறது. முதுகுப் பிடிப்போடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

வில்வித்தைக்கும் போனேன். 28 மீட்டர் தூரத்தில் குறி. பாட்டிமார்கள் அசையாமல் நின்று அம்பு விடுகிறார்கள். புதிதாக வந்தவன் கையில் கொடுப்பது ரப்பர் கட்டிய ஒரு குச்சி, அம்பு பிற்பாடுதான். எனக்கு அவ்வளவு பொறுமை இருந்தால் தொப்பையே வந்திருக்காது.

கடைசியில் பழைய கராத்தேதான். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம், அதுவே பாதிப் புண்ணியம். மற்ற எல்லா இடத்திலும் முதல் கேள்வி, என்ன பெல்ட், எத்தனை வருஷம், போட்டிக்கு வருவாயா என்றுதான். இங்கே மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “முழங்காலா, இடுப்பா?” என்று கேட்டார். இரண்டும் என்றேன். அன்றே பணம் கட்டிவிட்டேன். எந்தக் கலை, எந்தப் பிரிவு என்பதெல்லாம் இருபது வயதுக்காரன் பார்க்க வேண்டியது மச்சான். நம்ம வயதில், அங்கே இருக்கிறவர்களிலேயே மூத்தவரை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்தால் போதும். இங்கே 72 வயதுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் உதை இடுப்புக்கு மேல் போகாது. யாரும் போகச் சொல்வதுமில்லை.

பெல்ட் விஷயத்தைக் கேட்காமல் விடமாட்டாய். நம்ம பிரிவு வேறு, இது வேறு. தடா இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு 2022-ல் நெல்லூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போனதே, அதுபோல நானும் நின்ற இடத்திலேயே பிரௌனிலிருந்து வெள்ளைக்குப் போய்விட்டேன். வரிசையில் பெல்ட் பார்த்துத்தான் நிற்க வேண்டும். எனக்கு மேலே மூன்றாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி. அவளை நான் சென்பாய், அதாவது மூத்தவர், என்றுதான் கூப்பிட வேண்டும். வகுப்பு முடிந்ததும் எல்லோருமாகத் தரை துடைப்போம், அவள் மேற்பார்வையில். இதைக் கேட்டதிலிருந்து உன் அக்கா வீட்டிலும் ஒரு துணியை எடுத்து வைத்திருக்கிறாள்.

சப்பணம் போட்டுச் சாப்பிட்டு வளர்ந்த ஜாதி நாம், தரையில் உட்காருவதா கஷ்டம் என்று நினைத்தேன். இவர்கள் மண்டி போட்டுக் குதிகால் மேல் உட்காருகிறார்கள். வணக்கம் முடிந்து எல்லோரும் எழுந்துவிட்டார்கள். எனக்குக் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஜூடோவில் கற்ற பாடம் அங்கே கைகொடுத்தது.

இப்போது பழகும் அடிமுறை வரிசைகள் நூறு வருஷத்துக்கும் முன்னால் ஒகினாவாவில் இதோசு என்பவர் பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்தவை. பிள்ளைகளுக்கு அமைத்ததே நம்மை இந்தப் பாடு படுத்துகிறது. ஆறுதல் ஒன்று உண்டு. கராத்தேவை ஜப்பானின் பெரிய தீவுக்குக் கொண்டுவந்து பரப்பிய ஃபுனகோஷி பள்ளிக்கூட வாத்தியார், 1868-ல் பிறந்தவர். டோக்கியோவில் செய்து காட்டிய 1922-ல் அவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. இதை உன் அக்காவிடம் சொன்னேன். “அவர் தொப்பை எவ்வளவு?” என்றாள்.

“இதெல்லாம் நம்ம காஞ்சிபுரத்துப் போதிதர்மர் சொல்லிக் கொடுத்ததுதானே, அவங்களுக்குச் சொல்லு” என்று எழுதியிருந்தாய். அவர் சண்டை சொல்லிக் கொடுத்தார் என்பது பல நூற்றாண்டு கழித்துக் கட்டிய கதை என்கிறார்கள் ஆராய்ச்சிக்காரர்கள். 2011-ல் ‘ஏழாம் அறிவு’ படத்துக்கு விசில் அடித்த உன்னிடம் அது எடுபடாது என்று தெரியும். இங்கே அவர் பெயர் தருமா. கடைகளில் சிவப்புப் பொம்மையாக உட்கார்ந்திருக்கிறார். ஒன்பது வருஷம் தியானத்தில் கை கால் போய்விட்டதாம், பொம்மைக்கும் கையில்லை, காலில்லை. தள்ளினால் எழுந்து உட்காரும். உதைக்கச் சொல்லிக் கொடுத்தவர் என்று இவர்களிடம் எப்படி ஆரம்பிப்பது, நீயே சொல்.

அடுத்த மாதம் ஸ்ரீசிட்டியிலிருந்து ஓர் ஆள் வருகிறார். ஆவக்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பு, எண்ணெய் கசியாமல் கட்டச் சொல். கூடவே மஞ்சள் அமிர்தாஞ்சன் நாலு. இரண்டு எனக்கு. மற்ற இரண்டு அந்த 72 வயதுப் பெரியவருக்கு. ஒரு நாள் என்னுடையதைத் தடவிப் பார்த்தார், அன்றிலிருந்து வரிசையை விட்டு என் பக்கத்தில் வந்து நிற்கிறார்.

இப்படிக்கு,
உன் அன்பு மச்சான்