ஒரு மீட்டர் கேட்: நூற்பாவும் உரையும்

இங்கிலாந்தில் வீட்டின் முன்னால் கார் நுழையும் வழிக்கு கேட் போடுவோர்க்கென்றே ஓர் இலக்கணம் உண்டு. 2015-ஆம் ஆண்டு மேம்பாட்டு ஆணை, இரண்டாம் அட்டவணை, இரண்டாம் பகுதி, ‘ஏ’ வகுப்பு. நூற்பா இது: வண்டி ஓடும் சாலையை ஒட்டிய கேட் ஒரு மீட்டரைத் தாண்டலாகாது, ஏனைய இடத்து இரண்டு மீட்டர். இதற்குள் அடங்கினால் திட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டாம்.

இனி உரை. ‘ஒரு மீட்டர்’ என்றது என்னையெனின், ஏறக்குறைய இடுப்பளவு. திருடன் தாண்டிவிடுவான், கொஞ்சம் துடியான நாயும் தாண்டிவிடும். ஆகவே கேட்டின் பயன் தடுத்தல் அன்று, தடுக்கும் எண்ணம் நமக்கு உண்டென ஊருக்கு அறிவித்தலே என்பது பெற்றாம்.

‘ஒட்டிய’ என்பதில்தான் சிக்கல். எத்தனை அடிவரை ஒட்டல், எதற்குமேல் விலகல்? ஆணை வாய் திறக்கவில்லை. தொட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்பதில்லை, சற்றுத் தள்ளி நின்றாலும் ஒட்டியதாகலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாலைக்கும் வீட்டுக்கும் எல்லை போலத் தெரிகிறதா என்று பார்ப்பார்களாம். வீட்டுக்காரர் கேட்டை நாலடி உள்ளே தள்ளிவைத்து, “இது விலகல், எனக்கு இரண்டு மீட்டர்” என்பார். கவுன்சில் அதிகாரி நடைபாதையில் நின்று, இடையிலுள்ள புல்லைப் பார்ப்பார், கேட்டைப் பார்ப்பார், “ஒட்டல்” என்பார். இருவர் கையிலும் இருப்பது அதே நூற்பா.

இத்தனை கெடுபிடியும் இரும்புக்கும் மரத்துக்கும்தான். பக்கத்திலேயே லேலண்டி சைப்ரஸ் வேலி நட்டால் பொதுவாகத் திட்ட அனுமதி தேவையில்லை. செடி வளர்வது கட்டுமானம் ஆகாது. கேட்டுக்கு ஆயுள் முழுக்க ஒரு மீட்டர். லேலண்டியோ ஒரே ஆண்டில் அந்த அளவை எட்டிப்பிடிக்கும். பசுமை மாறா வேலி இரண்டு மீட்டரைத் தாண்டி வெளிச்சத்தை மறைத்தால், 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி அண்டை வீட்டார் முறையிடலாம். அதுவும் முதலில் பேசித் தீர்க்கப் பார்த்த பிறகே. இங்கிலாந்துக்காரரை வேலி விஷயமாக அண்டை வீட்டாரிடம் பேசவைப்பது சாமானியமா?

புறனடை: பாரம்பரியப் பட்டியலில் உள்ள வீடானால், விண்ணப்பிக்காமல் கேட் வைக்கும் சலுகை இல்லை. பழைய கேட் உயரமாயிருந்தால், அந்த உயரத்தைத் தாண்டாமல் செப்பனிடலாம். 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி, வீட்டு கேட் தெருப்பக்கம் திறக்கலாகாது. உள்பக்கம் திறக்கலாம், அங்கே கார் நிற்கும்.

மீறி ஆறடி கேட் வைத்தவர் முன்பெல்லாம் நான்கு ஆண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும், நடவடிக்கைக்குக் கெடு முடிந்துவிடும். 25 ஏப்ரல் 2024 முதல் முடித்த வேலைக்கு அது பத்து ஆண்டு. லேலண்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்துத் தப்பலாமா எனின், ஆகாது. வேண்டுமென்றே மறைத்தது தெரிந்தால் கெடு கடந்தும் நடவடிக்கைக்கு வழிசெய்கிறது 2011-ஆம் ஆண்டுச் சட்டம். எனவே கேட் பத்தாண்டும் ஊரார் கண்முன்னேயே நிற்க வேண்டும். அளவுநாடாவோடு மட்டும் யாரும் வந்துவிடக் கூடாது.