கடல் போன ஊரும் கண்ணாடி நெசவும்

2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது, கோவளம், மாமல்லபுரம் உள்ளிட்ட கடற்கரை முழுவதும் அதனோடு போய்விட, காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு ஏரிகளும் கோயில் குளங்களுமே மிச்சமாயின. ஆயினும், பழைய பைபர் படகைப் பழுதுபார்ப்பது பற்றி அபிப்பிராயம் சொல்லும் உரிமை கடலில்லாத ஓர் ஊருக்கு உண்டென்றால் அது இந்த நெசவு ஊருக்கே உண்டு. ஏனெனில் பைபர் படகு என்பது அடிப்படையில் துணி. கண்ணாடியை உருக்கி, பட்டின் தனி இழைக்கு நிகராக மெலிய இழுத்து, பாவும் ஊடையுமாக நெய்த முரட்டுத் துணி 'ரோவிங்' என்றும், நெய்யாமல் துண்டுகளாக வெட்டித் தூவிய விரிப்பு 'மேட்' என்றும் விற்கப்படுகின்றன. இவற்றை அடுக்கி, ரெசின் என்னும் செயற்கைப் பிசினில் நனைத்து இறுக விட்டால் படகு. சேலை விறைத்தால் குறை சொல்வார்கள். இங்கே அந்த விறைப்புக்குத்தான் விலை.

இப்பொருளைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்பது விற்பவர் வாக்கு. அனந்தசரஸ் குளத்துக்குள் நாற்பது ஆண்டு இருந்துவிட்டு 1979இலும் 2019இலும் எழுந்தருளிய அத்திவரதர், அத்திமரத் திருமேனியர், வாழும் ஊரில் அவ்வாக்கைச் சற்று அடக்கத்தோடு சொல்வது நல்லது. ஜெல் கோட் எனப்படும் பளபளப்பான மேற்பூச்சினூடே நீர் மெல்ல ஊறிக் கொப்புளம் கட்டுவதும், அதைக் குத்தினால் வினிகர் வாடை வீசுவதும் நாள்பட நீரில் கிடக்கும் படகுகளின் நோய். மணலில் தினமும் இழுத்தேற்றப்படும் மீன்பிடிப் படகுக்கோ கொப்புளம் வருமளவுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. அதற்கு அடிப்பாகம் தேயும். என்ஜின் மாட்டும் பின்பலகைக்குள் இருக்கும் பிளைவுட் ஊறி மட்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இத்தகைய படகுகள் லாரியேறி, தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பக்கம் வந்து, மதில்களுக்கும் இரும்புக் கேட்டுகளுக்கும் இடையே மக்களை மீட்டன. படகு கட்டியவர் எவரும் கணக்கில் வைத்திராத பாறைகள் அவை.

ஓட்டைமேல் ஒரு துண்டை ஒட்டினால் போதும் என்பது வேடிக்கை பார்ப்போர் அனைவரும் ஒருமனதாகத் தரும் தீர்ப்பு. ஆனால் முற்றிலும் இறுகிய பழைய ரெசினோடு புதியது கலந்து ஒன்றாவதில்லை. சொரசொரப்பைப் பற்றிக்கொண்டுதான் நிற்கும். ஆகவே ஓட்டையின் விளிம்பைச் சுற்றிலும், தடிப்பைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்கவேண்டும், 6 மி.மீ. தடிப்புக்கு 72 மி.மீ. சரிவு. உள்ளங்கை அளவு ஓட்டையை அடைக்க வந்தவர் முதல் வேலையாக அதைச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெருக்குவதைக் கண்டு உரிமையாளர் கூலியைப் பற்றிப் பேச்செடுப்பது வழக்கம். தீர்ந்த பாவின் நுனியோடு புதுப் பாவைச் சாம்பல் தொட்டு இழை இழையாக முறுக்கிப் பிணைப்பவரிடம், மொத்தமாக ஒரு முடிச்சுப் போட்டுவிடச் சொல்லக் காஞ்சிபுரத்தில் யாருக்கும் துணிவு வராது.

கிரைண்டர் கிளப்பும் தூசு கண்ணாடி ஊசியாதலால் முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை மூன்றும் கட்டாயம். அன்று உடுத்திய லுங்கியை வீட்டுத் துணிகளோடு ஊறவைத்தால், படகையே பார்த்திராத மாமியாருக்கும் இரவெல்லாம் அரிக்கும்.

ரெசினை இறுகச் செய்வது கேட்டலிஸ்ட். கிலோவுக்குப் பத்து முதல் இருபது கிராம் வரை போதும். 'சீக்கிரம் காயட்டுமே' என்று மூடிக்கணக்கில் ஊற்றினால், சித்திரை வெயிலில் மக் கொதித்துப் புகைந்து, டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் பிரஷ்ஷோடு சேர்ந்து கல்லாகிவிடும். பிரஷ் விலையையும் உரிமையாளர் கூலியில் கழிப்பார். இதிலெல்லாம் சிரிக்க இடமுண்டு, ஒன்றைத் தவிர: இறுகலை விரைவுபடுத்தும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றினால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகே கேட்டலிஸ்ட்டைச் சேர்க்கவும்.