ஞாயிற்றுக்கிழமை நளன் ஆவது எப்படி?

நாற்பத்தைந்து வயதை ஒட்டி ஆண்கள் சிலருக்குத் திடீரென்று ஞானம் பிறக்கிறது. இத்தனை காலம் தின்றதெல்லாம் குப்பை. நல்ல எண்ணெய், நல்ல வெல்லம், நல்ல அரிசி எல்லாம் எங்கோ ஒரு கிராமத்தில் ஒளிந்திருக்கின்றன. அவற்றைத் தேடிக் கொண்டுவந்து தன் கையாலேயே சமைத்துப் போட்டால்தான் குடும்பம் உருப்படும். பலருக்கு இது ரத்தப் பரிசோதனை முடிவு வந்த மறுநாள் காலையில் தோன்றும். உங்களுக்கும் தோன்றியிருந்தால் மேலே படியுங்கள்.

தேவையானவை அதிகமில்லை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, கொஞ்சம் பணம், பல வருடமாக அந்த அடுக்களையில் வேலை பார்த்துவரும் ஒருவர். கடைசியாகச் சொன்னது முக்கியம். பெருங்காயம் எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்க ஆள் வேண்டுமே. மரபும் உங்கள் பக்கம்தான். மூன்று வேளையும் பொங்கிப் போட்டது யார் யாரோ. சமையலுக்குப் பேர் வாங்கியது நளனும் பீமனும். இருவருமே கெட்ட காலத்தில், அடுத்தவர் அரண்மனையில், பெயரை மாற்றிக்கொண்டு கரண்டி பிடித்தவர்கள். அதையெல்லாம் இப்போது யோசிக்க வேண்டாம்.

முதல் வேலை, சமைக்காமல் இருப்பது. பாத்திரம் வாங்குங்கள்.

மாக்கல்லில் குடைந்த கல்சட்டி ஒன்று அவசியம். சேலம் பக்கம் போனால் கிடைக்கும். வாங்கிய அன்றே அடுப்பில் ஏற்றினால் விரிசல் விட்டுவிடும். பழக்கித்தான் ஏற்ற வேண்டும். மஞ்சளும் எண்ணெயும் தடவி ஊறவிட்டு, தினம் சூடான வடிகஞ்சி ஊற்றி ஆறவைத்துக் கொட்டி, ஒரு வாரமாவது இப்படிச் செய்யச் சொல்வார்கள். குக்கர் வைக்கும் வீட்டில் வடிகஞ்சி ஏது? ஆகவே உங்கள் சட்டிக்காக ஒரு வாரம் வீட்டில் சோறு வடிக்கப்படும். வடிப்பது நீங்கள் இல்லை.

அடுத்தது ஈயச்சொம்பு. வெள்ளீயம்தானா என்று கேட்டு, தெரிந்த கடையில் வாங்குங்கள். காரீயம் கலந்திருந்தால் ரசத்தோடு விஷமும் இறங்கும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். காஸ் அடுப்புக்கு அது ஒரு சூடே அல்ல. உள்ளே புளித்தண்ணீர் இருக்கும்வரை சொம்புக்கு ஆயுள் உண்டு. 'கொஞ்சம் காயட்டும்' என்று வெறும் சொம்பை ஏற்றிவிட்டு, ஈயச்சொம்பு ரசத்தின் பெருமையை நண்பருக்குப் போனில் விளக்கப் போனீர்களானால், திரும்பி வரும்போது பர்னரைச் சுற்றிப் பளபளவென்று ஒரு குட்டை நிற்கும். அதை எடைக்குப் போட்டுப் புதுச் சொம்பு வாங்கலாம். வீட்டில் சொல்லாமல் வாங்குவது நல்லது.

பாத்திரம் ஆயிற்று, இனி எண்ணெய். இப்போது தெருவுக்கு ஒரு மரச்செக்கு வந்துவிட்டது. வாகை மரத்தில் செய்த செக்குதானா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மரத்தைத் தடவிப் பார்த்துத் தலையாட்டுங்கள். உங்களுக்கு வாகை மரம் தெரியாது என்பது செக்குக்காரருக்கும் தெரியும், ஆனால் அவர் பெருந்தன்மையானவர். விலையைக் கேட்டு அதிர்ச்சி அடையும்போது ஒரு கணக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் நல்லெண்ணெய் எடுக்க ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எள்ளு ஆகும். அரைபடும்போது கருப்பட்டியும் சேர்க்க வேண்டும். இரண்டரைக் கிலோ எள்ளின் விலைக்கும் கீழே ஒருவர் எண்ணெய் விற்கிறார் என்றால் அவர் தர்மம் செய்கிறார், அல்லது அது எள்ளே இல்லை. கொங்குப் பக்கம் ஒரு செக்குக்காரரிடம் பேரம் பேசினால் பதில் மரியாதையாகவே வரும்: "ஏனுங்க, எள்ளு நீங்களே வாங்கியாந்து குடுங்க, ஆட்டுக்கூலி மட்டும் குடுத்துட்டு எண்ணெயக் கொண்டு போங்க." இதைவிட நேர்மையான தரச்சான்று கிடையாது. உண்மையிலேயே எள்ளு வாங்கிக்கொண்டு போங்கள். பக்கத்திலேயே நின்றால் கருப்பட்டி கலந்த சூடான எள்ளுப் புண்ணாக்கு ஒரு பிடி கிடைக்கும். எண்ணெய்க்காகப் போனதையே மறந்துவிடுவீர்கள்.

இனிதான் கருப்பட்டி. இதில் அவசரப்படக் கூடாது. கார் எடுத்துக்கொண்டு உடன்குடிக்கே போய்விடுங்கள். திருச்செந்தூர் தாண்டினால் செம்மண் தேரியும் பனையுமாக நிலம் மாறும். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு உண்டு. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-லும், பழநிப் பஞ்சாமிர்தத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கும் 2019-லும், மணப்பாறை முறுக்குக்கு 2023-லும் கிடைத்த அதே குறியீடு. வழியில் இவற்றையும் வாங்கிக்கொண்டே போனால் ஊர் திரும்பும்போது ரத்தப் பரிசோதனைக்கு மறுபடியும் நேரம் வந்திருக்கும்.

கடையில் "அண்ணாச்சி, ஒரு கிலோ கருப்பட்டி" என்று கேளுங்கள். "எந்த வெலயில வேணும்?" என்று திருப்பிக் கேட்டால் நீங்கள் நல்ல இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். சீனி சேர்த்தது ஒரு விலை, சேர்க்காதது ஒரு விலை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற வியாபாரி அவர். "நம்மகிட்ட எல்லாமே ஒரிஜினல்தான் சார்" என்பவரிடம் தண்ணீர் பாட்டில் மட்டும் வாங்குங்கள்.

ஆனால் ரசிகராகிவிட்ட நீங்கள் இதோடு விடமாட்டீர்கள். கருப்பட்டியைத் தட்டிப் பார்ப்பீர்கள், முகர்ந்து பார்ப்பீர்கள், உடைத்து உள்நிறம் பார்ப்பீர்கள், தண்ணீரில் போட்டுக் கரைகிற நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்ப்பீர்கள். பார்ப்பதில் தவறில்லை, பொழுது போகும். பதநீரில் இருக்கும் இனிப்பு பெரும்பாலும் சுக்ரோஸ். மளிகைக் கடைச் சீனியும் சுக்ரோஸ். கொஞ்சம் கலந்தால் தம்ளர் தண்ணீருக்குத் தெரியப் போவதில்லை. கரும்பும் பனையும் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் விதம் வேறு வேறு என்பதால் ஆய்வுக்கூடத்தில் கார்பன் ஐசோடோப்பு விகிதத்தை அளந்து கண்டுபிடித்துவிடலாம். அந்தக் கருவியை வைக்க ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அதைவிடச் செலவு குறைந்த வழி, காய்ச்சுகிற இடத்துக்கே போய் நிற்பது. கோடையில் போக வேண்டும். பதநீர்க் காலம் ஆடியோடு ஓய்ந்துவிடும். ஐப்பசியில் 'நேற்றுக் காய்ச்சினது' என்று ஒருவர் தந்தால் புன்னகையோடு திருப்பிக் கொடுங்கள். விடியுமுன் பனையேறி மரத்தில் இருப்பார். பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்கி, சாயங்காலம் மறுபடி ஏறுவார். ஒவ்வொரு மரத்துக்கும் இதே வேலை. சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் கள்ளாகிவிடும். கள் இறக்கத் தமிழ்நாட்டில் தடை. இறக்கிய பதநீரை வீட்டுப் பெண்கள் பெரிய தாச்சியில் ஊற்றி, விறகுத் தீயில் மணிக்கணக்காகக் காய்ச்சிக் கிண்டுகிறார்கள். எட்டு, பத்து லிட்டர் வற்றினால் ஒரு கிலோ. பதம் ஒரு நொடி தப்பினால் அடிபிடிக்கும், ஒரு நொடி முந்தினால் சிரட்டையில் உறையாது. அந்த நொடியை அந்த அம்மா எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று கேளுங்கள். "பாத்தாத் தெரியும்லா" என்பார். அடுப்பு அனலில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் உங்களுக்கு ஒன்று தெரியும். சொன்ன விலை குறைவு என்பது. பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு, ஓலைப்பெட்டியில் கட்டித் தரச் சொல்லிக் கிளம்புங்கள்.

அரிசி விஷயத்தில் சுருக்கமாக இருப்போம், ஏனென்றால் நீங்கள் சுருக்கமாக இருக்கப் போவதில்லை. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், தூயமல்லி என்று பெயர்களைச் சொல்லிச் சொல்லியே வயிறு நிறைந்துவிடும். 2018-இல் மறைந்த 'நெல்' ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் வகைகளை மீட்டெடுத்தார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் 2006 முதல் அவர் நடத்திய நெல் திருவிழாவில் ஒரு விவசாயிக்கு இரண்டு கிலோ விதைநெல் கொடுப்பார்கள்; அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அப்படிப் பெருகி வந்த நெல்லின் அரிசிதான் இப்போது உங்கள் கையில் கண்ணாடிப் புட்டியில் இருக்கிறது. கருப்புக் கவுனியை இரவே ஊறப்போடுங்கள். காலையில் தண்ணீர் ஊதா நிறமாக இருக்கும். சாயம் என்று பதறிக் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம், அரிசியின் இயற்கை நிறமே அதுதான். தேங்காயும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துச் செட்டிநாட்டார் செய்கிற கவுனி அரிசி இனிப்பு அற்புதம். அதே அரிசியில் இட்லி சுடுவது பிரார்த்தனை வகையைச் சேர்ந்தது. வேண்டுதல் இருப்பவர்கள் செய்யட்டும்.

இப்போது சமைக்கலாம். வத்தக்குழம்பில் தொடங்குங்கள், ஏனென்றால் அது புதியவர்களை மன்னிக்கும். கல்சட்டியை மிதமான தீயில் வைத்து நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றுங்கள். அடுத்து தாளிக்கிற வடகம் ஒரு சிட்டிகை. இதற்காக எந்த ஊருக்குக் காரை எடுக்கலாம் என்று நீங்கள் வரைபடத்தைத் திறக்கும்போது பின்னாலிருந்து குரல் வரும்: "ஏங்க, பரண்ல பச்ச மூடி போட்ட டப்பா."

இருக்கிறது. பதினைந்து வருடமாக இருக்கிறது. உங்கள் மாமியார் வருடாவருடம் தஞ்சாவூரிலிருந்து கொடுத்தனுப்புவது. சின்ன வெங்காயமும் பூண்டும் தட்டி, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பெல்லாம் சேர்த்துப் பிசைந்து, பகலில் வெயிலில் காயவைத்து, இரவில் ஊறின சாற்றிலேயே திரும்பப் போட்டு, சாறு இழுக்கும்வரை பல நாள் இப்படியே செய்து, கடைசியில் விளக்கெண்ணெய் விட்டு உருட்டிக் கறுக்கக் காயவைத்தது. லேபிள் இல்லை, குறியீடு இல்லை, போய்ப் படம் எடுக்க ஒரு தேரிக்காடு இல்லை. ரசிகருக்கு இது பெரிய ஏமாற்றம்தான். பொறுத்துக்கொண்டு எண்ணெயில் போடுங்கள். மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார்.

சுண்டைக்காய் வற்றலை வறுத்துக்கொண்டு, குழம்புப் பொடியைப் போட்டு, கருகுவதற்குள் புளிக்கரைசலை ஊற்றுங்கள். எவ்வளவு பொடி, எவ்வளவு புளி என்று அம்மாவுக்குப் போன் செய்தால் "கண்ணளவுதான்டா" என்பார். எழுத்தில் வேண்டுமானால் எஸ். மீனாட்சி அம்மாள் 1951-லேயே 'சமைத்துப் பார்' எழுதி வைத்திருக்கிறார். அதில் ஆழாக்கைப் பார்த்துவிட்டு மறுபடி அம்மாவுக்கே போன் செய்வீர்கள். எண்ணெய் பிரிந்ததும் சின்னக் கருப்பட்டித் துண்டு ஒன்று. முழுதும் வற்றுமுன் அடுப்பை அணைத்துவிடுங்கள். தீ போன பிறகும் கல்சட்டியில் குழம்பு தானாகக் கொதித்துக்கொண்டே இருக்கும். தொட்டுக்கொள்ளச் சுட்ட அப்பளமும் பருப்புத் துவையலும் போதும். என் கட்சி அப்பளம்.

பரிமாறும்போது பேசாதீர்கள். கருப்பட்டியின் கதை, செக்கின் கதை, கார்பன் கதை எல்லாம் இரண்டாம் கவளத்துக்குப் பிறகு. குழம்பு நன்றாக இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். நன்றாக இல்லாவிட்டால் கேட்கவே கேட்கமாட்டார்கள். சாப்பிட்டு முடிந்ததும் கல்சட்டியை நீங்களே கழுவுங்கள். சூடு ஆறாமல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அந்த ஒரு வாரத்து வடிகஞ்சி வீண்.

ஒரு எச்சரிக்கை. வடகத்தைப் பற்றி மாமியாரிடம் வாய் தவறிப் புகழ்ந்துவிட்டால் சித்திரையில் போன் வரும். "மாப்ள, இந்த வருஷம் வடகத்துக்கு வந்துருங்க, உங்களுக்குத்தான் இதுல ஆர்வமாச்சே." அலுவலகம், வெயில், முதுகுவலி எதுவும் எடுபடாது. போய் நிழலான பக்கம் பார்த்து உட்காருங்கள். சின்ன வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டு வைத்தால் தோல் சுலபமாக வரும். கண் எரிச்சலும் கொஞ்சம் குறையும். ஐந்து கிலோ இருக்கும். மொட்டைமாடியில் காக்கை விரட்டுகிற வேலையைக் கேட்காதீர்கள், அதை ஐந்தாம் வகுப்புப் பேத்திக்குக் கொடுத்தாகிவிட்டது.