காவலுக்கும் காண்ட்ராக்ட்

சிறையைத் தனியாரிடம் விடும் யோசனை 1983-ல் அமெரிக்காவின் டென்னசியில் கம்பெனி தொடங்கிய சிலருக்குத்தான் உதித்தது என்று ஒரு பேச்சு உண்டு. காவலையே தனியார் தொழிலாக நடத்திய சித்தூர்ப் பாளையக்காரர்கள் காதில் இது விழுந்திருந்தால் மீசைக்குள் சிரித்திருப்பார்கள்.

நரகண்டி, கல்லூர், புலிச்செர்லா, பங்காரி, தும்பா, குடிபாடி. மலையும் காடுமான இந்தப் பாளையங்களில் ஆர்க்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்டத் தோன்றினால் கட்டுவார்கள். மற்ற நேரத்தில் தொழில், காவல். ஊர்க்காரர் காவல் கட்டணம் தர வேண்டும். களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தர வேண்டும், இல்லையேல் ஈடு கட்ட வேண்டும். இன்றைக்கு ஒரு ஸ்டேஷனில் போய், "ஐயா, மாடு போச்சு, மாட்டு விலையை எடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். மாட்டுக்குப் பின்னாலேயே நீங்களும் காணாமல் போவீர்கள்.

ஒரே ஒரு சங்கடம்: கட்டணம் கட்டாத ஊரில் திருட்டு தானாகக் கூடிவிடும். ஏன் என்று கேட்பது மரியாதையில்லை. காவல் காப்பவரே களவுக்கும் மொத்த வியாபாரி என்று கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் பக்கம் பக்கமாக எழுதி வைத்தார்கள். சுத்தப் பொய் என்று அடித்துச் சொல்ல நான் வரமாட்டேன். ஆனால் எழுதியவர் யார் என்று பார்க்க வேண்டாமா?

1801 ஜூலை 31 அன்று ஆர்க்காட்டு நவாப் அஸீம் உத் தௌலா கையெழுத்துப் போட்டார், அவருடைய கர்நாடகம் கம்பெனி கைக்குப் போனது. ஸ்ட்ராட்டன் என்ற கலெக்டர் வந்தார். காவல் அரசாங்கத்தின் வேலை, கண்டவரும் வசூல் பண்ணக் கூடாது என்று உத்தரவானது. நியாயம்தான். கட்டணம் ரத்தா? உஹூம். அது கம்பெனிக் கஜானாவுக்குத் திரும்பிவிட்டது. உத்தரவு போட்டதோ லண்டன் லெடன்ஹால் தெருவில் ஆபீஸ் வைத்துப் பங்குதாரருக்கு லாபம் பிரித்த கடை. ஒரு தனியார் இன்னொரு தனியாரைப் பார்த்து, "நீ தனியார், ஒதுங்கு" என்றது.

பாளையக்காரர் ஒதுங்கவில்லை, காட்டுக்குள் இறங்கினார்கள். கர்னல் டார்லி படையோடு வந்தார். பிறகு மனிபென்னி வந்தார், பெயரிலேயே சில்லறை குலுங்கும் மனிதர். கலகம் அடங்கியது. சில பாளையங்கள் பின்னால் திருப்பித் தரப்பட்டன, மீசை மட்டும் கொஞ்சம் இறங்கி. காவலுக்குக் கம்பெனி வைத்த தரோகா என்ற போலீஸ் அதிகாரிகளும் தேறவில்லை. 1816-ல் கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோவின் யோசனைப்படி, வேலை பழையபடி கிராமத் தலைவரிடமும் தலையாரியிடமுமே போனது.

அதே கம்பெனி திருமலைக் கோயில் வருமானத்தை மட்டும் 1843 வரை எவரிடமும் விடவில்லை. இங்கிலாந்தில் பாதிரிமார் "விக்கிரகக் காசா?" என்று கூச்சல் போட்ட பிறகுதான் ஹாதிராம்ஜி மடத்து மகந்த் சேவா தாஸிடம் ஒப்படைத்துக் கையைத் துடைத்துக்கொண்டது.

கதை இதோடு முடியவில்லை. இந்தப் பாளையங்கள் அடங்கியிருந்த வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் மானுவலைத் திருத்தி 1895-ல் வெளியிட்ட ஹெரால்டு ஸ்டூவர்ட், 1902-ன் போலீஸ் கமிஷனுக்குச் செயலாளராகவும் இருந்தவர். தனியார் காவலின் லட்சணம் அவருக்குத் தெரியாததல்ல. அப்படிப்பட்டவர் பெயரில்தான் பாபட்லா பக்கம் ஸ்டூவர்ட்புரம் எழுந்தது. அரசாங்கம் 'குற்றப் பரம்பரை' என்று முத்திரை குத்திய எருகுல மக்களைக் கொண்டுவந்து குடியேற்றி, நிர்வாகத்தைச் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பிடம் கொடுத்தார்கள். அந்த அமைப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்த பூத் டக்கர், ஐ.சி.எஸ். வேலையை உதறிவிட்டுக் காவி கட்டி, 'பக்கீர் சிங்' என்று பெயர் வைத்துக்கொண்டவர். ஆக, சிறைக்காவலும் சுவிசேஷமும் ஒரே கவுண்டரில். ஆஜர் எடுப்பதும் அவர்களே, வெளியூர் போகச் சீட்டு தருவதும் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை பாவமன்னிப்பைப் பற்றிப் பேசுவதும் அவர்களே. பலருக்குப் பிழைப்பு சீராலாவில், புகையிலைக் கம்பெனிக்காரன் ஆலையில்.

1952-ல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை நாடு முழுவதும் ரத்து செய்தார்கள். ஊருக்கு இன்னும் ஸ்டூவர்ட் பெயர்தான்.